ஏபிபிஏ: எந்தப் படத்தை எதற்கு நம்பலாம்?

ஆஸ்துமா உள்ள ஒருவரின் எக்ஸ்-ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், நம் நாட்டில் முதலில் எழும் சந்தேகம் டிபிதான். சந்தேகப்படுவது சரியே. ஆனால் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல், படத்தை மட்டும் நம்பி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுப்பது பெரிய தவறு. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் ஒவ்வாமையால் வரும் ஏபிபிஏ (ABPA) என்ற நுரையீரல் நோயும் எக்ஸ்-ரேயில் இப்படித் தெரியலாம். பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும்: ஒரு படத்தில் வலப்பக்கம் இருந்த திட்டு, அடுத்ததில் மறைந்து வேறிடத்தில் முளைத்திருக்கும். அதனால் பழைய எக்ஸ்-ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்-ரே நார்மல் என்பதால் நோயே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இந்த நோயில் மூச்சுக்குழாய் விரிந்துவிடலாம். அப்படி விரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு காலத்தில் குழாய்க்குள்ளேயே மருந்து விட்டுப் படமெடுத்தார்கள். அந்த வேலையை இன்று மெல்லிய வெட்டுகளாகப் படமெடுக்கும் எச்ஆர்சிடி என்ற சிடி ஸ்கேன் செய்கிறது. இதிலும் சறுக்கல் உண்டு. இந்த நோயில் குழாயை அடைத்திருக்கும் சளி, சிலருக்கு முதுகெலும்பை ஒட்டிய தசையைவிட வெள்ளையாகத் தெரியும். அது தெரிந்தால் கிட்டத்தட்ட ஏபிபிஏ என்றே சொல்லிவிடலாம். காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்தால் தசையும் வெளுத்து, ஒப்பிடுவது குழம்பிவிடும். கணினித் திரையில் நுரையீரலுக்கான அமைப்பில் மட்டும் படத்தைப் பார்த்தாலும் இந்தச் சளி கண்ணில் படாமல் தப்பிவிடும். தசைகள் பிரிந்து தெரியும் மீடியாஸ்டைனல் அமைப்பிலும் பார்த்தே ஆகவேண்டும்.

குழாய் விரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. நிரந்தரமாக விரிந்த குழாய் பழைய நிலைக்குத் திரும்பாது. நோயை முதலில் காட்டிக்கொடுப்பது ரத்தம்தான்: பூஞ்சைக்கு எதிரான ஐஜிஈ (ஒவ்வாமையில் கூடும் எதிர்ப்புப் புரதம்), அதோடு மொத்த ஐஜிஈ. முன்பு 1000 (IU/mL) என்றிருந்த மொத்த ஐஜிஈ வரம்பை 2024 சர்வதேச வழிகாட்டுதல் 500 ஆக்கியது. ரத்தத்தில் உறுதியானால், சிடி நார்மலாக இருந்தாலும் ஏபிபிஏ இருக்கலாம்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் சிறிய குழாய்கள் சிடி அளவுக்குத் துல்லியமாகத் தெரியாது.

சிகிச்சை தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் சிடி எடுக்கத் தேவையில்லை. சுமார் 8 வாரம் கழித்து எக்ஸ்-ரேயும் மொத்த ஐஜிஈயும் பெரும்பாலும் போதும். ஐஜிஈ நார்மலுக்கு வரவில்லையே என்று ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. முன்பிருந்ததைவிட நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.