சிங் காலச் சீன மாகாண வெள்ளி நாணயங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங் பேரரசின் கடைசி இருபது ஆண்டுகளில் சீன மாகாணங்கள் அச்சடித்த வெள்ளி நாணயங்களைப் பற்றி எழுதுவோர் பலர், நாணயத்தில் பொறித்திருப்பதை அப்படியே அதன் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். மற்றப் பிழைகளில் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணம் அடித்த டாலரின் டிராகன் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் ‘7 மேஸ் 2 கேண்டரீன்’ என்பது எடை. மேஸ், கேண்டரீன், டேல் மூன்றும் சீன எடை அளவுகள். பத்து மேஸ் ஒரு டேல். பத்துக் கேண்டரீன் ஒரு மேஸ். அரசுக் கருவூலத்தின் குப்பிங் டேல் சுமார் 37.3 கிராம் என்பதால், நாணயத்தின் எடை 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு. துறைமுகங்களில் ஏற்கெனவே புழங்கிய மெக்சிகோ டாலருக்கு ஈடாக நிற்க வேண்டும் என்பதே இந்த அளவுக்குக் காரணம். குவாங்டாங், குவாங்சி மாகாணங்களின் தலைமை ஆளுநர் ஜாங் ஜிதோங் 1889-இல் 7 மேஸ் 3 கேண்டரீன் எடையில்தான் தொடங்கினார். கனமான காசு புழக்கத்தில் தங்காது என்பதால் விரைவிலேயே எடை குறைக்கப்பட்டது.

டேலை ஒரு நாணயமாக எண்ணுவதும் தவறு. சில அரிய அச்சுகளை விட்டுவிட்டால், அது நிறுத்துக் கணக்கிடும் அளவு மட்டுமே. குப்பிங் டேல், சுங்க டேல், ஷாங்காய் டேல் மூன்றும் ஒன்றல்ல. எந்த டேல் என்று சொல்லாமல் கூட்டிக் காட்டும் கணக்குக்குப் பொருளே இல்லை.

சில்லறைக் காசுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இருபது சென்ட் காசின் எடை 1 மேஸ் 4.4 கேண்டரீன்; ஐந்து சேர்ந்தால் டாலரின் எடை சரியாக வந்துவிடும். ஆனால் டாலரின் மாற்று, அதாவது வெள்ளித் தூய்மை, சுமார் 90 விழுக்காடு, சில்லறையினுடையது 80 முதல் 82 வரைதான். இந்த வித்தியாசம் அக்கசாலைகளுக்கு லாபம் என்பதால் சில்லறையை அளவுக்கு மீறி அடித்துத் தள்ளின. விளைவாக, சந்தையில் ஒரு டாலருக்குப் பத்துக்கும் மேற்பட்ட பத்து சென்ட் காசுகளைக் கேட்டார்கள். ‘பத்துக்குப் பத்து’ என்று வைத்துக் கூலியையும் விலையையும் ஒப்பிட்டால் முடிவு பிசகிவிடும்.

நாணயத்தில் உள்ள பெயரை நிலப்படத்தில் தேடுவது இன்னொரு பிழை. கியாங்னான் காசில் ‘மாகாணம்’ என்றே எழுதியிருந்தாலும், அப்படியொரு மாகாணம் 1667-லேயே பிரிக்கப்பட்டுவிட்டது. காசு அடித்த இடம் நான்ஜிங். ஆண்டிலும் கவனம் தேவை: ‘குவாங்ஷு 34-ஆம் ஆண்டு’ என்பது பேரரசர் குவாங்ஷுவின் ஆட்சியாண்டு, அதாவது 1908.

புழக்கத்தில் காசின் மேல் குத்தப்பட்ட சிறு முத்திரைகளைச் சேதம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. சராப்புகள் எனப்பட்ட காசு மாற்றுவோர் வெள்ளியைச் சோதித்து ஏற்றதற்கான அடையாளங்கள் அவை. சேகரிப்போரிடம் விலை குறையலாம், வரலாற்றுச் சான்றாக மதிப்பு கூடும்.

கடைசியாக, சிச்சுவான் ரூபாய். பேரரசர் குவாங்ஷுவின் உருவம் பொறித்த இதை டாலரின் பகுதியாகக் கணக்கிடுவது பிழை. திபெத் எல்லை வணிகத்தில் வேரூன்றியிருந்த விக்டோரியா தலை ரூபாயை விரட்டுவதற்காக, இந்திய ரூபாயின் எடையை ஒட்டியே இதை அடித்தார்கள். எல்லைச் சந்தைகளில் சில்லறைக்காக இதை இரண்டாகவும் நான்காகவும் வெட்டிப் புழங்கியதால், வெட்டுண்ட துண்டையும் உடைந்த காசு என்று ஒதுக்காமல் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.