பவரைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை: 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க்குகளில் வழக்கமான தவறுகள்

கேபிள் இழுக்க முடியாத இடத்துக்கு இணையம் கொண்டுபோக நம் ஊர்களில் இன்றும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களைத்தான் நம்புகிறோம். இரண்டு ரேடியோக்களுக்கு இடையிலான இந்தக் கம்பியில்லா இணைப்பே லிங்க். லிங்க் மந்தமானால் பெரும்பாலோர் முதலில் திறப்பது ரேடியோவின் பவர் (அலையை அனுப்பும் ஆற்றல்) அமைப்பை. அங்கே இருப்பதை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். சில நாள் சரியாவதுபோல் இருக்கும், பிறகு பழைய கதைதான். இழப்பு வேறெங்கோ இருக்கும்போது பவரைக் கூட்டுவது, ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

கணக்குப் போடாமல் மேலே ஏறுவது

டவரில் ஏறுவதற்கு முன்பே ஒரு எண் கையில் இருக்க வேண்டும்: இந்தத் தூரத்துக்கு, இந்த டிஷ்ஷுக்கு, எவ்வளவு சிக்னல் வர வேண்டும்? 5.8 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு வெறும் காற்றிலேயே ஏறத்தாழ 108 டெசிபெல் போய்விடும். டெசிபெல் என்பது சிக்னலின் ஏற்ற இறக்கத்தை மடங்குகளில் சொல்லும் அளவு; 3 குறைந்தால் பலம் பாதி. தூரம் இரு மடங்கானால் அதோடு 6 சேரும், பத்து மடங்கானால் 20 சேரும். ஆக 5 கிலோமீட்டருக்கு 122, 10 கிலோமீட்டருக்கு 128.

இரு முனையிலும் 25 டிபிஐ (அலையை ஒரே திசையில் குவிக்கும் திறனின் அளவு) டிஷ், ரேடியோ பவர் 11 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட பவர் அளவு), தூரம் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 11-உம் 25-உம் சேர்ந்து 36. அதில் 122 கழித்து, எதிர்முனை டிஷ்ஷின் 25-ஐக் கூட்டினால் -61 டிபிஎம். திரையில் -60 முதல் -64 வரை வந்தால் டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறது, பாதை சுத்தமாக இருக்கிறது என்று பொருள். -78 வந்தால் 17 டெசிபெல் எங்கோ ஒழுகுகிறது. அதைத் தேடுவதுதான் வேலை. பவரை 17 கூட்டி அந்த ஓட்டையை மூடக் கூடாது.

இவ்வளவு பெரிய குறைவுக்கு முதல் சந்தேகம் பக்க மடல். டிஷ்ஷின் முதன்மைக் கதிருக்கு இருபுறமும் சின்னச் சின்னக் கதிர்கள் உண்டு. அவை 15 முதல் 20 டெசிபெல் வரை பலம் குறைந்தவை. அவற்றில் ஒன்றில் உச்சம் கிடைத்ததும் "இதுதான் அதிகபட்சம்" என்று போல்ட்டை முறுக்கிவிடுகிறார்கள். டிஷ்ஷை முழு வீச்சுக்கும் ஒருமுறை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் மூன்று உச்சங்கள் தென்படும். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. கிடைமட்டம் முடிந்தபின் சாய்வு, ஒரு முனை முடிந்தபின் மறுமுனை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு திசையில் திருப்பிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரை பிடிபடாது.

வரம்பை மறப்பது

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். உரிமம் வேண்டாம் என்பதற்குப் பவருக்கும் கட்டுப்பாடு இல்லை என்று பொருளல்ல. பட்டைக்குப் பட்டை வரம்பு மாறும். 5725–5875 என்ற மேற்பட்டையில் ஆன்டெனாவையும் சேர்த்து 4 வாட், அதாவது 36 டிபிஎம். மேலே சொன்ன கணக்கில் ரேடியோ 11 டிபிஎம்மில் நின்றது இதனால்தான். டிஷ் பெரிதாகும்போது ரேடியோ பவர் குறைய வேண்டும். இது நஷ்டமில்லை. பெரிய டிஷ் கேட்கும் திறனையும் கூட்டுகிறது, பக்கத்து இரைச்சலையும் ஒதுக்குகிறது. பவர் இந்த இரண்டையும் செய்யாது.

நாட்டுக் குறியீட்டில் இந்தியா என்று வைக்காமல் சோதனைக்கான அமைப்பையோ வேறு நாட்டையோ போட்டு வரம்பைத் தாண்டுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, 5600 முதல் 5650 வரையிலான பகுதியில் இயங்கும் வானிலை ரேடார்கள் உண்டு. புயல் காலத்தில் அவற்றின் திரையில் கோடு விழ நம் லிங்க் காரணமாகக் கூடாது.

வெளி ஆன்டெனா பொருத்தும் ரேடியோவாக இருந்தால் ஆன்டெனா கெயின் (அந்த டிபிஐ எண்) என்ற இடத்தில் உண்மையான எண்ணைப் போட வேண்டும். பூஜ்யம் என்று விட்டால் ரேடியோ தன் கணக்கில் வரம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரம்பைத் தாண்டிக் கத்தும். இடையில் உள்ள கேபிளின் இழப்பையும் கணக்கில் சேருங்கள். எல்எம்ஆர்-400 போன்ற நல்ல கேபிளே 5.8 கிகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 3.5 டெசிபெல் தின்றுவிடும். பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே சூடாகிப் போகிறது. ரேடியோவை ஆன்டெனாவின் முதுகிலேயே மாட்டுவது இதற்காகத்தான்.

இன்னொரு குழப்பம், திரையில் தெரியும் பவர் ஒரு செயினுக்கா (ரேடியோவுக்குள் தனித்தனியாக அனுப்பும் இரு பாதைகளில் ஒன்றுக்கா), இரண்டுக்கும் சேர்த்தா என்பது. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். வித்தியாசம் 3 டெசிபெல். கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உச்சப் பவரில் வேகம் குறைவது ஏன்

டேட்டா ஷீட்டில் "27 டிபிஎம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கான எண். கீழே அட்டவணையில் பார்த்தால் அதே ரேடியோ உயர்ந்த மாடுலேஷனில் (அலையில் தரவை ஏற்றும் முறையில்) 5, 6 டெசிபெல் குறைவாகவே தரும். 64 க்யூஏஎம், 256 க்யூஏஎம் போன்ற வேகமான மாடுலேஷன்களில் தரவைக் குறிக்கும் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் ஆம்ப்ளிஃபையர் துளியும் சிதைக்காமல் அனுப்ப வேண்டும். அதை முட்டும் அளவுக்கு ஓட்டினால் அலை நசுங்குகிறது. எதிர்முனையில் சிக்னல் எண் நன்றாகத் தெரியும், ஆனால் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) திரும்பத் திரும்ப அனுப்பப்படும். சிதைந்த அலை பக்கத்துச் சேனல்களிலும் வழிந்து, அதே டவரில் இருக்கும் நம் இன்னொரு ரேடியோவையே கெடுக்கும்.

மைக்ரோடிக் நிறுவனத்தின் ரேடியோக்களில் "ஆல் ரேட்ஸ் ஃபிக்ஸ்டு" என்று ஒரு தேர்வு இருக்கிறது. எல்லா வேகத்துக்கும் ஒரே பவரைத் திணிப்பது இது. ரேடியோ கார்டின் மதிப்புக்கு மேல் எண் போட்டால் கார்டே கெட்டுப்போகலாம். காரணம் தெரியாமல் இதைத் தொடாதீர்கள், இயல்பு அமைப்பே போதும்.

சோதிக்க எளிய வழி: பவரை 3 டெசிபெல் குறைத்து, இரு திசையிலும் வேகச் சோதனை நடத்துங்கள். வேகம் குறையவில்லை, அல்லது கூடியது என்றால் முன்பிருந்த பவர் அதிகம்தான்.

அருகில் இருக்கும் லிங்க்குகளில் இது இன்னும் மோசம். 100 மீட்டருக்கு இழப்பு வெறும் 88 டெசிபெல். 25 டிபிஐ டிஷ் இரண்டை 27 டிபிஎம்மில் வைத்தால் எதிர்முனைக்கு -11 டிபிஎம் போய்ச் சேரும். காதில் வாயை வைத்துக் கத்துவது மாதிரி, ரிசீவர் திணறும். இந்தத் தூரத்துக்கு 13 டிபிஐ அளவிலான சிறிய கருவிகளை 4, 5 டிபிஎம்மில் வைத்தாலே -57 கிடைக்கும். இப்படி அருகில் இருக்கும் லிங்க்குகளில் பொதுவாக -50 முதல் -60 வரை இருக்கும்படி பவரை வையுங்கள். -40-ஐத் தாண்டினால் குறையுங்கள்.

சிக்னல் மட்டும் போதாது

20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் இயற்கையான வெப்ப இரைச்சல் -101 டிபிஎம். ரிசீவரின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் -95 என்று கொள்ளலாம். சேனல் அகலத்தை இரு மடங்காக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் போகும். 20-லிருந்து 80-க்குப் போனால் 6 டெசிபெல், அதாவது எட்டும் தூரம் பாதி. நகரத்து டவர்களில் பக்கத்து ரேடியோக்களால் இரைச்சலின் தரை மட்டமே -85 இருக்கும். அங்கே -61 சிக்னலுக்கும் 24 டெசிபெல்தான் மிச்சம், 64 க்யூஏஎம்மின் மேல் வேகத்துக்கு அது இழுபறி. சந்தைக்கடையில் நீங்கள் குரலை உயர்த்தினால் பக்கத்துக் கடைக்காரரும் உயர்த்துவார். ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் (எந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று காட்டும் சோதனை) போட்டுச் சுத்தமான சேனலைத் தேடுவதும் அகலத்தை 40-க்கோ 20-க்கோ இறக்குவதும்தான் வழி. ஸ்கேன் ஓடும்போது பல ரேடியோக்களில் லிங்க் அறுந்துவிடும் என்பதால் இரவில் செய்யுங்கள்.

தூர அமைப்பு

ரேடியோவின் அமைப்புப் பக்கத்தில் தூரம் என்ற பெட்டியில் போடும் எண் அலையை நீட்டாது. பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையே சொல்கிறது. போய்வர 1 கிலோமீட்டருக்கு 6.7 மைக்ரோ வினாடி ஆகும், 15 கிலோமீட்டருக்கு 100. குறைவாக வைத்தால் பதில் வருமுன்பே தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பும். சிக்னல் அருமையாக இருந்தும் வேகம் இல்லையென்றால் இதைப் பாருங்கள். அளவுக்கு மீறி வைத்தால் தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வீணாகக் காத்திருக்கும். ஒரே ஆன்டெனாவிலிருந்து பலருக்குத் தரும் செக்டரில் கடைக்கோடி வாடிக்கையாளரின் தூரத்துக்குச் சற்று மேலே வைப்பது சரி. மைக்ரோடிக்கின் சொந்த நெறிமுறையான என்வி2-வில் செல் ரேடியஸ் (இந்தத் தூரத்துக்கான அமைப்பு) இயல்பாக 30 கிலோமீட்டர். அதைக் குறைக்கும்போது தொலைவில் உள்ளவர் வெளியே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்பும் ஆடிக் காற்றும்

எதிர் டவர் கண்ணுக்குத் தெரிகிறது என்பது போதாது. அலைக்குச் சுரைக்காய் மாதிரி நடுவில் பருத்த ஒரு இடம் வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்பது அதுதான். 5 கிலோமீட்டர் லிங்க்கின் நடுவில் அதன் ஆரம் 8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, ஏறக்குறைய 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். 10 கிலோமீட்டருக்கு ஆரம் 11.4 மீட்டர், அதோடு பூமியின் வளைவுக்கு ஒன்றரை மீட்டர். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் இன்றைய உயரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், ஐந்து வருடம் கழித்து வளரப்போவதையும் சேருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸை மழைத்துளி பெரிதாகத் தொடாது, நனைந்த ஓலை தொடும். ஆடிக் காற்றில் சிக்னல் 10 டெசிபெல் மேலும் கீழும் ஆடினால் மட்டை குறுக்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்கு மருந்து கம்பத்தின் உயரம். காற்றே இல்லாமல் ஒரு செயின் மட்டும் மற்றதைவிட 4 டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருந்தால் கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, பிக்டெயில் (ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலான குட்டிக் கேபிள்) தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

டவுன்லோட் உச்சத்தில் மட்டும் ரேடியோ ரீபூட் ஆகிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். தாமிரம் பூசிய அலுமினிய கேபிளின் மின்தடை சுத்தத் தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 24 வோல்ட் பிஓஇ-யில் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறையில்) 60, 70 மீட்டர் இழுத்தால் மேலே போதுமான வோல்ட் மிஞ்சாது.

தூர முனையில் கைவைக்கும்போது

பவரைக் குறைத்ததும் லிங்க் அறுந்தால் 5 கிலோமீட்டர் பைக்கில் போக வேண்டிவரும். யுபிக்விட்டி நிறுவனத்தின் ரேடியோக்களில் "அப்ளை" கொடுக்காமல் "டெஸ்ட்" கொடுங்கள், உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும். மைக்ரோடிக்கில் சேஃப் மோடை (இணைப்பு அறுந்தால் மாற்றத்தைத் தானே திரும்பப் பெறும் நிலையை) இயக்கிவிட்டு மாற்றுங்கள். ஒரு தடவைக்கு 2, 3 டெசிபெல்லுக்கு மேல் இறக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரு முனையின் சிக்னலையும் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த வருடம் 8 டெசிபெல் குறைந்தால், எதிலிருந்து குறைந்தது என்று சொல்ல அந்தக் குறிப்பு ஒன்றுதான் இருக்கும்.