பலனை முருகனிடம் விடும்போது நாம் செய்யும் தவறுகள்

"நம்ம கையில என்ன இருக்கு, எல்லாம் அவன் பாத்துக்குவான்." பினாங்கில் வேலை போன வீட்டிலும், கடை நொடித்த வீட்டிலும், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைக்காத வீட்டிலும் இந்தப் பேச்சு காதில் விழும். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் அதைச் சொன்ன பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் பல குடும்பங்கள் சறுக்கி விழுகின்றன. கோயிலில் பழகும் முகங்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட சில தவறுகளை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பெரிய தவறு, பலனோடு சேர்த்து வேலையையும் விட்டுவிடுவது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆட்குறைப்பு வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். "நீங்களே விலகுறதா எழுதிக் கொடுத்துட்டா சிக்கல் இல்லாம முடிஞ்சிடும்" என்பார்கள். மனம் உடைந்திருக்கிற நேரம். 'முருகன் விட்ட வழி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். தானாக விலகியவருக்கு, மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கிடையாது. ஆட்குறைப்பில் போனவருக்கு உண்டு. அதற்கும் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணமின்றி நீக்கினார்கள் என்று புகார் கொடுக்க, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் தருவதும் அதே 60 நாள்தான். அந்த இரண்டு மாதத்தை விரதத்திலும் வேதனையிலும் கழித்துவிட்டு, மூன்றாம் மாதம் படிவத்தோடு போய் நிற்பவருக்கு வழி மிகவும் குறுகிவிடுகிறது. அதையும் இறைவன் சித்தம் என்று சொன்னால், நம் மறதிக்கு அவன் மேல் பழி போடுகிறோம். "தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்தால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

சரணாகதிக்கு நம் மரபில் அப்பரைவிடப் பெரிய சாட்சி யார்? ஐந்தாம் திருமுறையில் அவர் பாடுகிறார்: "தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே." தாங்குவது அவன் பங்கு, பணி என் பங்கு என்று கணக்கைப் பிரித்து வைத்துவிட்டார். பாடியவர் கையில் உழவாரப்படை இருந்தது. கோயில் கோயிலாகப் போய்ப் புல்லும் முள்ளும் செதுக்கியவர் அவர். நாம் அவன் கடனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நம் கடனை மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதைதான். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான் தருவார்கள். அந்த நாள்களில் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அழும். பெற்றவர்கள் வெளியே நின்று "சாமி உனக்கு வேற ஒண்ணு வச்சிருக்கு" என்பார்கள். அந்த ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கே மேல்முறையீடும் போக வேண்டும். ஆறாம் படிவ வகுப்பு, பாலிடெக்னிக் எல்லாவற்றையும் அதே வாரம் விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, நடந்த முடிவைப் பார்த்து இறைவன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கணிப்பது. தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் வழியில் மலைபோல் குவித்துத் தேங்காய் உடைப்பது நம் ஊர் வழக்கம். ஓங்கி அடித்த காய் சிதறாமல் உருண்டு ஓடிவிட்டால் சிலர் முகம் அப்படியே வாடிவிடும். இந்த வருடம் வியாபாரம் விளங்காது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். தேங்காயோடு போனால்கூடப் பரவாயில்லை. கடை மூடிய மனிதரிடம் "குலதெய்வத்துக்கு ஏதோ குறை வச்சிருக்கீங்க" என்று சொல்கிறார்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது, தலைமுறையாக ஜோர்ஜ் டவுனில் இருந்த எத்தனையோ குடும்பங்களும் கடைகளும் இடம் பெயர்ந்தன. 2008இல் நகரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு பழைய கடைவீடுகளுக்கு மேலும் கிராக்கி வந்தது. வெளியேறியவர்கள் எல்லாரும் பக்தியில் குறைந்தவர்களா? வாடகை ஏன் ஏறியது, கடன் எங்கே கைமீறியது, எந்தச் சரக்கு தேங்கியது என்று கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கேள்விகள் இவை. குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த நோட்டை யாரும் திறப்பதில்லை.

நேர்த்திக்கடன் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வேலை கிடைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொள்வது நம் வழக்கம், நன்றி சொல்லும் முறை. அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறி வெறுங்கையோடு நின்றாலும் முருகன் முருகன்தான்.

இன்னொன்று, நம்பிக்கை உள்ளவன் கலங்கக் கூடாது என்று நினைத்து வாயை மூடிக்கொள்வது. வேலை போனதை வீட்டில் சொல்லாமல், காலையில் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவி கட்டிக் கொடுத்த சோற்றை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய், பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். கேட்டால், "முருகன்கிட்ட சொல்லிட்டேன், அவங்கள எதுக்குக் கலங்க வைக்கணும்?" என்பார்கள். முருகனிடம் சொன்னது சரி. சம்பளம் வராத மாதத்தை எப்படி ஓட்டுவது என்று அந்த அம்மாவும் யோசிக்க வேண்டாமா? பாதிச் செலவை முதல் வாரமே அவர் குறைத்திருப்பார்.

இறைவனிடமும் பூசி மெழுகிப் பேச வேண்டியதில்லை. "என்கடன் பணிசெய்து கிடப்பதே" என்று பாடிய அப்பர்தான், சூலை நோய் குடலை முறுக்கியபோது "ஆற்றேன் அடியேன்" என்று திருவதிகையில் கதறினார். கண்ணிழந்த சுந்தரரோ திருவாரூர் இறைவனையே "வாழ்ந்து போதீரே" என்று கடிந்து பாடினார். அந்தப் பாட்டுகளையும் திருமுறையில் சேர்த்து இன்றும் சந்நிதியில் ஓதுகிறோம். உங்கள் அழுகையால் அவன் கோபித்துக்கொள்வான் என்ற பயத்தை விட்டுவிடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, நேர்முகத் தேர்வுக்குப் பதில் வந்ததா என்று கைப்பேசியைத் திறப்பதும் இந்தத் தவறுகளில் சேர்த்திதான். விண்ணப்பம் போய்விட்டது. காலைவரை அங்கே உங்களுக்கு வேலையில்லை, தூங்குங்கள்.

பதவி உயர்வு வந்தால் என் உழைப்பு, பறிபோனால் அவன் சோதனை என்று பேசும் பழக்கமும் நம்மிடம் உண்டு. சம்பளம் ஏறிய மாதமும் கோயிலுக்குப் போங்கள். அந்த வரிசையில் முன்னால் நிற்பவருக்குப் போன மாதம் வேலை போயிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போகும்போது "எல்லாம் நன்மைக்கே" என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். தனக்கு நடந்ததைப் பற்றி அவரே ஒரு நாள் அப்படிச் சொல்லலாம். அதுவரை அது நம் வாயில் வர வேண்டாம். வாட்சப்பில் கூப்பிய கைகளை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடவும் வேண்டாம். ஒரு மூட்டை அரிசியோடு போங்கள். மோட்டார் கடன் தவணை எந்தத் தேதியில் என்று கேளுங்கள். மலாய்ப் படிவத்தைப் பார்த்து அவர் தயங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். சொக்சோ அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். போகும்போது பணிநீக்கக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் எல்லாம் பையில் இருக்கிறதா என்று வாசலிலேயே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.