நாகரிகங்களின் வீழ்ச்சியை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. புதிதாக எழுத வருகிறவர்கள் நல்ல ஆர்வத்தோடு வருகிறார்கள், நிறையப் படிக்கவும் செய்கிறார்கள். ஆனால் சிந்துவெளி, மாயா, ரோம் என்று எந்த நாகரிகத்தின் முடிவை எடுத்தாலும், என் தலைமுறை தொடக்கத்தில் விழுந்த அதே பள்ளங்களில்தான் அவர்களும் வந்து விழுகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, கி.மு.வைக் கி.பி. ஆக்குவது மாதிரியான விஷயங்களை இங்கே சொல்லப் போவதில்லை, அவை இரண்டாம் முறை படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் எழுதியவர் கண்ணுக்குத் தெரியாத தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எது நின்று போனது என்று பார்க்காமலே காரணம் தேடப் போவது

"மாயா நாகரிகம் திடீரென்று மறைந்தது, ஏன்?" என்று ஆரம்பிக்கிற கட்டுரை எனக்கு அடிக்கடி வரும். அதற்குப் பிறகு வறட்சி, போர், நோய் என்று பட்டியல் நீளும். மறைந்தது எது? அதை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள்.

மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸில் உள்ள கோபான் என்ற மாயா நகரத்தில் ஒரு சதுரக் கல் இருக்கிறது. கடைசி அரசன் பட்டமேறியதைச் சொல்லும் பலிபீடம் அது, அதில் உள்ள நாள் கி.பி. 822-இல் வருகிறது. ஒரு பக்கம் முழுதாகச் செதுக்கி முடித்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் வேலையைத் தொடங்கி அப்படியே விட்டிருக்கிறார்கள். மற்ற இரண்டு பக்கங்களில் உளியே படவில்லை. அங்கே நின்று போனது அரசவை, அதன் சிற்பிகள், அரசன் பெயரில் கல்வெட்டு பொறிக்கும் வழக்கம். மக்கள் அத்தனை பேரும் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

திகால் என்ற மாயா நகரத்தில் தேதியிட்ட கடைசிக் கல்தூண் கி.பி. 869, தொனினா நகரத்தில் 909. தெற்கே அரண்மனைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் வடக்கே யுகாதான் தீபகற்பத்தில் சிச்சென் இட்சா நகரம் செழிக்கத் தொடங்கியிருந்தது. கடைசி மாயா அரசின் தலைநகரான நோஹ்பெத்தென் ஸ்பானியர்களிடம் விழுந்தது 1697-இல். இன்றைக்கும் குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் மாயா மொழிகளைப் பேசுகிறவர்கள் பல லட்சம் பேர். 1992-இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ரிகோபெர்த்தா மெஞ்சு அவர்களில் ஒருவர். "மறைந்த மாயா மக்கள்" என்று எழுதுகிறவர் இவர்கள் எல்லோரையும் இல்லாதவர்களாக்கிவிடுகிறார். அதனால் எழுத உட்காரும் முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள்: நின்றவை, தொடர்ந்தவை. இரண்டும் நிரம்பிய பிறகு காரணத்துக்குப் போகலாம்.

மொகஞ்சதாரோவில் படுகொலை நடந்ததாக எழுதுவது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

ஒரு இளைஞர் சிந்துவெளி பற்றி முழுப் புத்தகமே எழுதிக் கொண்டுவந்தார். முதல் அத்தியாயமே படுகொலைக் காட்சி. குதிரைகள், தீ, சந்தில் ஓடும் பெண்கள், படிக்கட்டில் விழும் தாய். எழுத்து நன்றாகவே இருந்தது, அதுதான் பிரச்சினை. அடுத்த அத்தியாயங்கள் எல்லாம் அந்தக் காட்சியின் மேல் கட்டப்பட்டிருந்தன: கோட்டைச் சுவர் எதற்கு, ஆயுதங்கள் ஏன் குறைவு, மக்கள் எவ்வளவு சாதுவானவர்கள் என்று. முதல் அத்தியாயத்தை எடுத்தால் புத்தகமே நிற்காது. எடுக்கச் சொன்னேன். பதிப்பகத்தில் பக்க வடிவமைப்பு முடிந்துவிட்டது என்றார்கள், அப்படியே அச்சாகி வந்தது. இப்போது எனக்கு வருகிற கட்டுரைகளில் அந்தப் புத்தகமே ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

சரி, இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 1920-களிலும் 30-களின் தொடக்கத்திலும் நடந்த அகழாய்வுகளில் மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளில் ஏறக்குறைய 40 எலும்புக்கூடுகள் கிடைத்தன, முறையாகப் புதைக்கப்பட்ட மாதிரி இல்லாமல். ஓர் அறையில் 14. ஓரிடத்தில் 9, அதில் ஐந்து குழந்தைகள், பக்கத்தில் யானைத் தந்தம். ஒரு கிணற்றறையின் படிகளிலும் அதற்கு வெளியிலுமாக 4. பிறகு 1946-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் ஹரப்பாவில் தோண்டியபோது பெரிய மண்செங்கல் கோட்டைச் சுவர் வெளிப்பட்டது. ரிக் வேதத்தில் இந்திரனுக்குக் கோட்டைகளை உடைப்பவன் என்று பெயர் இருக்கிறது. வீலர் இதையும் மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளையும் சேர்த்து வைத்து, சூழ்நிலைச் சான்றுகளின்படி இந்திரன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான் என்று 1947-இல் எழுதினார். அதாவது ரிக் வேதத்தைப் பாடிய ஆரியர்கள் படையெடுத்து வந்து நகரத்தை அழித்தார்கள் என்பது அவர் வாதம். கம்பீரமான வாக்கியம். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவர் எழுதியது வேறு. அது பாடப்புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

1964-இல் ஜார்ஜ் டேல்ஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் பழைய அகழாய்வுக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொரு எலும்புக்கூடாகச் சரிபார்த்தார். எல்லாம் ஒரே அடுக்கைச் சேர்ந்தவை அல்ல. ஊர் இடுகாட்டில் பல தலைமுறைகளாகப் புதைக்கப்பட்டவர்களை ஒரே நாளில் செத்தவர்கள் என்று சொன்ன மாதிரி ஆகியிருந்தது கதை. அதைவிட முக்கியமான விஷயம், எதிரி தாக்கினால் கடைசிச் சண்டை நடக்க வேண்டிய இடம் மேடான கோட்டைப் பகுதி, அங்கே ஒரு எலும்புக்கூடுகூட இல்லை. எல்லாம் கீழ் நகரத்தின் வீடுகளிலும் சந்துகளிலும்தான். சிதறிய ஆயுதங்கள் இல்லை, எரிந்த கோட்டை இல்லை. பிறகு 1980-களில் கென்னத் கென்னடி என்ற மானுடவியலாளர் எலும்புகளையே ஆராய்ந்தபோது வெட்டுக்காயம் என்று சொல்லக்கூடியவை ஒன்றிரண்டுதான் தேறின, அதிலும் ஒன்று ஆறிய காயம். வீலரே பின்னாளில் வெள்ளம், நிலத்தின் சோர்வு என்று மற்ற காரணங்களுக்கு இடம் கொடுத்தார். ஆனால் அவருடைய அந்த ஒற்றை வாக்கியம் மட்டும் அவரைவிட்டு விலகித் தனியாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

படுகொலைக் கதையால் வரும் பெரிய நஷ்டம், உண்மையில் நடந்ததை அது மூடிவிடுகிறது என்பதுதான். மொகஞ்சதாரோவின் கடைசிக் காலத்து அடுக்குகளைப் பாருங்கள். பெரிய வீடுகளைக் குறுக்குச் சுவர் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். குயவரின் சூளை குடியிருப்புக்கு நடுவே, தெருவிலேயே வந்துவிட்டது. முன்பு உயரம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற விகிதம் மாறாமல் செங்கல் அறுத்து, மூடிபோட்ட சாக்கடை ஓடவிட்டு, தெருவை அடைக்க யாரையும் அனுமதிக்காத நகரம் அது. தெரு நடுவில் சூளை வைக்கும்போது தட்டிக் கேட்க ஆள் இல்லை என்றால் நகர நிர்வாகம் கை நழுவிவிட்டது என்று பொருள். இது ஒரு இரவில் நடக்கிற காரியம் இல்லை.

இப்போது இரண்டாகப் பிரித்த அந்தத் தாளை எடுங்கள். கி.மு. 1900-ஐ ஒட்டிய தலைமுறைகளில் நின்றவை: பெருநகரங்கள், எழுத்து பொறித்த முத்திரைகள், கனசதுர எடைக்கற்களின் பொதுவான புழக்கம், மெசபடோமியாவோடு நடந்த கடல் வணிகம். அக்காடு நகரத்துத் துறையில் மெலுஹாவின் கப்பல்கள் வந்து நிற்கின்றன என்று சார்கோன் மன்னன் பெருமையடித்த காலம் ஒன்று இருந்தது, மெலுஹா என்பதைச் சிந்துவெளி என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தப் போக்குவரத்து ஓய்ந்தது. தொடர்ந்தவை: உழவு, மட்பாண்டம், மணி செய்யும் தொழில், கிராமங்கள். இன்றைய பாகிஸ்தானின் சிந்துவிலும் சோலிஸ்தான் பாலைப் பகுதியிலும் ஊர்கள் வெகுவாகக் குறைந்தன. ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் பக்கம் சிறிய ஊர்கள் பல மடங்கு பெருகின. அதாவது மக்கள் கிழக்கே நகர்ந்து, நகரம் இல்லாமல் வாழப் பழகிக்கொண்டார்கள். எனக்கு இது படுகொலையைவிட நூறு மடங்கு சுவாரசியமான கதை, ஏனென்றால் இதில் மக்கள் முடிவெடுக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. படுகொலை நடக்கவில்லை என்று சொன்னதும் ஒரு கூட்டம் "அப்படியானால் வெளியிலிருந்து யாருமே வரவில்லை" என்று குதிக்கும். அதுவும் தப்பு. பழங்கால எலும்புகளின் மரபணுவை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வுகள், யூரேசியாவின் ஸ்டெப்பி புல்வெளி மக்களின் வம்சாவளி ஏறக்குறைய கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் தெற்காசியாவுக்குள் வந்தது என்று காட்டுகின்றன. ஹரியானாவின் ராகிகடியில் கிடைத்த சிந்துவெளிப் பெண்ணின் எலும்பில் அந்த வம்சாவளி இல்லை. மக்கள் வந்ததும் உண்மை, மொகஞ்சதாரோவில் படுகொலைக்குச் சான்று இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் உங்களைத் திட்டும், பரவாயில்லை.

படுகொலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வறட்சியை வைப்பது

மேலே சொன்னதைக் கேட்டு படுகொலைத் தவறைத் திருத்துகிறவர்களில் பாதிப்பேர் நேராக இங்கே வந்து நிற்பார்கள். இந்திரன் போய் மழை வந்து உட்காரும், கதை அதே ஒற்றை வில்லன் கதைதான்.

சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன் பெரிய வறட்சிக் காலம் ஒன்று தொடங்கியதற்குச் சான்று இருக்கிறது. மேகாலயாவின் மாம்ளூ குகையில் வளர்ந்த சுண்ணாம்புக் கசிவுப் படிவத்தை அடையாளமாக வைத்து, 2018-இல் புவியியலாளர்கள் அப்போது தொடங்கிய காலகட்டத்துக்கு மேகாலயன் என்றே பெயர் வைத்தார்கள். உடனே நம் கட்டுரையாளர் அக்காடு, எகிப்தின் பழைய அரசு, சிந்துவெளி மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுவார்.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்காடு பேரரசு கி.மு. 2150 வாக்கில் போனது, ஆனால் ஒரு நூற்றாண்டுக்குள் அதே மெசபடோமியாவில் 'ஊர்' என்ற பெயருள்ள நகரத்தை மையமாக வைத்து ஊர்-நம்மு என்ற மன்னர் புது அரசைக் கட்டிவிட்டார். எகிப்தில் மைய அரசு உடைந்தது, மாநில ஆளுநர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், பிறகு இரண்டாம் மெந்துஹோதெப் நாட்டைத் திரும்ப ஒன்றாக்கினார். சிந்துவெளி நகரங்களோ வறட்சி தொடங்கி இன்னும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் ஓடின. குஜராத்தில் உள்ள சிந்துவெளி நகரமான தோலாவிராவில் மழைநீரைப் பிடித்து வைக்க எத்தனை பெரிய குளங்கள் வெட்டினார்கள் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் குறைவோடு வாழத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரே வானிலை, மூன்று வேறு முடிவுகள். மழை ஏன் குறைந்தது என்பதைவிட, குறைந்தபோது யார் என்ன செய்தார்கள், எதைச் செய்ய முடியாமல் போனது என்பதில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

சிந்து எழுத்தைப் படித்தாகிவிட்டது என்று எழுதுவது

இன்னும் இல்லை. ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வரிசைப்படுத்தினார், பொறிப்புகளின் சராசரி நீளம் ஐந்து குறிதான், இருமொழிக் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அது திராவிட மொழியாக இருக்கலாம் என்ற கருத்துக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த அவரே முழுதாகப் படித்துவிட்டதாகச் சொன்னதில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்ததும் அது இன்னும் படிக்கப்படவில்லை என்பதால்தான்.

வேற்றுக்கிரகவாசிகள்

பழைய கட்டடங்களை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று சொல்கிற கட்டுரையைத் திருத்தாமலே திருப்பி அனுப்பிவிடுவேன். கல் சுமந்தவர்களின் உழைப்பை அவர்களிடமிருந்து பிடுங்குகிற வேலை இது.

அழிந்தவர்கள் தலையிலேயே பழியைப் போடுவது

பசிபிக் பெருங்கடலில் பெரிய கற்சிலைகளுக்குப் பேர்போன ஈஸ்டர் தீவு, அதாவது ராப்பா நூயி. மரத்தையெல்லாம் வெட்டிச் சிலை நகர்த்தி, பட்டினி கிடந்து, ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு மாண்டார்கள் என்று எழுதி, கடைசியில் "நாமும் அப்படித்தான்" என்று பாடம் வேறு நடத்துவார்கள். காடு அழிந்தது உண்மை. ஆனால் 1722-இல் ரொக்கவேன் என்ற டச்சு மாலுமி போய் இறங்கியபோது அங்கே ஆயிரக்கணக்கான மக்கள் உயிரோடு இருந்தார்கள். 1862, 63-இல் பெருவிலிருந்து வந்த அடிமை வியாபாரிகள் ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களில் திரும்பி வந்த ஒரு சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். 2024-இல் வெளிவந்த மரபணு ஆய்வும் 1600-களில் மக்கள்தொகை சரிந்ததற்குத் தடயமே இல்லை என்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு "தற்கொலை செய்துகொண்ட நாகரிகம்" என்று தலைப்பு வைப்பது பிடித்துக்கொண்டு போனவர்களை விடுவித்துவிட்டுப் பிடிபட்டவர்களைத் தண்டிப்பதுதான்.

476-இல் ரோம் வீழ்ந்தது என்று எழுதுவது

"மேற்கு" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். கிழக்கே கான்ஸ்டான்டினோப்பிளில் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டவர்களின் அரசு 1453 மே 29 வரை இருந்தது.