பண்ணை ஏல் பியருக்கு எந்த மோல்ட்?

மதுவரி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். மோல்ட் என்றால் முளைக்கவைத்து உலர்த்திய தானியம். பெல்ஜியத்துப் பண்ணை ஏலான சேசன் வகைக்கு அடிப்படை, குறைந்த சூட்டில் உலர்த்திய பார்லியான பில்ஸ்னர் மோல்ட்தான். 20 லீட்டருக்கு 4 கிலோ, கூடவே அரைக் கிலோ கோதுமை மோல்ட். 64 பாகை செல்சியஸ் தண்ணீரில் மோல்ட் 75 நிமிடம் ஊறினால் இனிப்புத் தங்காது. பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றுங்கள், மலைக்குளிரில் சூடு சட்டென்று இறங்கும்.

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பில்ஸ்னருக்கு அதுதான் வில்லங்கம்: அவித்த சோள வாடை தரும் டைமெதில் சல்பைடு மெதுவாகத்தான் வெளியேறும். மோல்ட் ஊறிய சாற்றை வடித்தெடுத்தபின், அது மூடி திறந்தபடி 90 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். காஸ் மிச்சம் பிடிக்கிறவர்கள் பேல் ஏல் மோல்ட் எடுக்கலாம். கூடிய சூட்டில் உலர்த்தியதால் அதில் இந்த வாடை குறைவு, 60 நிமிடம் போதும். ஆனால் பிஸ்கட் சுவை ஏறி, ஈஸ்ட் தரும் மிளகு வாசத்தை அமுக்கிவிடும்.