க்னோம் ஏறவில்லையா? ஆப்ட் சொல்லும் கடைசி வரியை நம்பாதீர்கள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-ஐ (புக்வர்ம்) டெஸ்க்டாப் இல்லாமல் நிறுவிவிட்டு, க்னோம் என்கிற டெஸ்க்டாப்பை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். ஒருநாள் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நிறுவும் ஆப்ட் கருவியிடம் 'ஆப்ட் இன்ஸ்டால் க்னோம்-கோர்' என்று அடித்தால், ஜிடிஎம்3 (லாகின் திரை) தேவை ஆனால் அது நிறுவப்படப் போவதில்லை என்கிற மாதிரி நாலு வரி, கடைசியில் 'ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' வைத்திருக்கிறாய் என்று ஒரு பழி. நான் எதையும் ஹோல்டு செய்யவே (பதிப்பு மாறாமல் பூட்டி வைக்கவே) இல்லையே! 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' அடித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அரை மணி நேரம் வீண்.

ஆப்ட் பெரும்பாலும் முதல் படியை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் அது எந்தப் பெயரைக் குறைசொல்கிறதோ அதையே அடுத்து இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள், கூடவே 'மைனஸ் எஸ்' போட்டால் ஒத்திகை மட்டும்தான், எதுவும் மாறாது. இப்படி ஜிடிஎம்3, போல்கிட் (அனுமதிகளைக் கவனிப்பது) என்று ஒவ்வொன்றாக இறங்கினால் பதிப்பு எண்ணோடு ஒரு வரி சிக்கும். எனக்குச் சிக்கியது இது: லாகினைச் சிஸ்டம்டியோடு இணைக்கும் லிப்பாம்-சிஸ்டம்டிக்கு அச்சு அசலாக 252 வரிசை சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்துவது) வேண்டும், கணினியில் இருப்பதோ 257.

இனி, பதிப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் 'ஆப்ட் பாலிசி சிஸ்டம்டி'. நிறுவியிருக்கும் பதிப்புக்கு நேரே எந்தக் களஞ்சியமும் (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) இல்லாமல், நிறுவியவற்றின் கணக்கான டிபிகேஜி ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும் தெரிந்தால், அந்தப் பேக்கேஜ் அனாதை. 257 டெபியன் 13 ட்ரிக்ஸியுடையது. எப்போதோ ஒரு புதிய கருவிக்காக களஞ்சியங்களின் பட்டியலான சோர்சஸ்.லிஸ்டில் ட்ரிக்ஸி வரியைச் சேர்த்து, வேலை முடிந்ததும் நல்ல பிள்ளையாக அழித்திருக்கிறேன். வரி போனது, அது இழுத்து வந்தவை போகவில்லை.

அடுத்து, ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான லிப்சி6-ஐயும் அதே மாதிரி பாருங்கள். அது புக்வர்மின் 2.36-இலேயே இருந்து, தாண்டிப்போனது ஒன்றிரண்டு சின்னப் பேக்கேஜ்கள்தான் என்றால், பெயருக்குப் பின் சமக்குறியும் பழைய பதிப்பு எண்ணும் போட்டுக் கீழே இறக்கலாம், கூடப்பிறந்த லிப்களையும் (நூலகங்களையும்) அதே கட்டளையில் சேர்த்து. லிப்சி6 ட்ரிக்ஸியின் 2.41-க்குப் போயிருந்தால் அந்த ஆசையை விடுங்கள், ஏனென்றால் லிப்சியை இறக்கும்போது பாதியில் உடைந்தால் 'எல்எஸ்' கூட ஓடாது. முன்னால் போவதுதான், அதாவது முழுக் கணினியையும் ட்ரிக்ஸிக்கு ஏற்றுவதுதான் வழி.

முதலில் பேக்கப். சோர்சஸ்.லிஸ்டிலும், சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் ஒளிந்திருக்கும் கோப்புகளிலும் (நான் மறந்தது இங்கேதான்) புக்வர்ம் என்றிருப்பதையெல்லாம் ட்ரிக்ஸி ஆக்குங்கள். அப்டேட், அப்புறம் புல்-அப்கிரேடு. ஒய் அழுத்துமுன் நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். ரீபூட் செய்துவிட்டு மறுபடி க்னோம்-கோர் கேட்டேன், முணுமுணுக்காமல் ஏறியது.