பிளாட் ஜன்னல்: 10 சென்டிமீட்டர் கணக்கு

கோலாலம்பூர் பிளாட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா? இன்றே டேப் எடுத்து ஜன்னல் கிரில்லை அளந்து பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணி மாதிரி. நெட்டுக் கம்பியே நல்லது. கொசுவலையை நம்பவே நம்பாதீர்கள், சாய்ந்தாலே கழன்றுவிடும்.

ஜன்னலடியில் கட்டில், சோபா, பால்கனியில் பூந்தொட்டி, வாஷிங் மெஷின் இருந்தால் இப்போதே நகர்த்துங்கள். பிள்ளைகள் ஏறுவது இவற்றில்தான்.

கிரில்லுக்குப் பூட்டு போட்டால், சாவி பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் ஆணியில், எப்போதும் ஒரே இடத்தில் தொங்கட்டும். தீப்பிடித்தால் தேட நேரமிருக்காது. தப்பித்தவறிப் பிள்ளை விழுந்துவிட்டால் பதறித் தூக்காமல், கழுத்தை அசைக்காமல், 999க்கு அழையுங்கள்.